புதிய கடல்நீர் மீன்தொட்டி எப்போது பக்குவமடையும்?

கேள்வி: சில ஆண்டுகளாகச் சிமெண்ட் தொட்டிகளில் நன்னீர் அலங்கார மீன்களை வளர்த்து வருகிறேன். கடல் மீன்களையும் வளர்த்துப் பார்க்க விரும்பி, 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் ஆர்.ஓ. நீரை நிரப்பி, பாக்கெட்டில் வரும் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, மணல் பரப்பி, உலர்ந்த பாறைகளை அடுக்கினேன். நீர் கண்ணாடி போலத் தெளிந்ததால் ஐந்தாம் நாள் இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். பத்தாம் நாளுக்குள் இரண்டும் இறந்துவிட்டன. சோதனைக் கருவியில் இப்போது அம்மோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) காட்டுகிறது, நைட்ரைட் இல்லை. முழு நீரையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? என் நன்னீர்த் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சை இதில் போடலாமா? அடுத்த முறை கல்லுப்பைப் பயன்படுத்தலாமா?

பதில்: நீரைக் கொட்ட வேண்டாம். தொட்டியில் இப்போது காப்பாற்ற வேண்டிய மீன் எதுவும் இல்லை. இருக்கும் அம்மோனியாவோ இனி அங்கே வளர வேண்டிய பாக்டீரியாக்களுக்கு உணவு. மீன் உயிரோடு இருந்திருந்தால் உடனே பாதி நீரை மாற்றச் சொல்லியிருப்பேன். நீரின் தெளிவை நம்பி மீன் விட்டதே தவறு. மணலின் தூசி அடங்கிவிட்டது என்பதற்கு மேல் தெளிவு எதையும் சொல்லாது, அம்மோனியாவுக்கு நிறமில்லை.

வயலில் யூரியா இட்டால் அது முதலில் அம்மோனியமாகி, பிறகு மண்ணிலுள்ள ஒருவகைப் பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகவும், இன்னொரு வகையால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. மீனின் செவுள் வழியே வெளியேறும் அம்மோனியாவுக்கும், மிஞ்சிய தீவனம் அழுகி உண்டாகும் அம்மோனியாவுக்கும் தொட்டியில் இதே மாற்றம்தான் நடந்தாக வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், மண்ணில் இந்தப் பாக்டீரியாக்கள் காலங்காலமாகக் குடியிருக்கின்றன. தங்கள் தொட்டியிலோ வடிகட்டிய நீர், பாக்கெட் உப்பு, உலர்ந்த பாறை என எல்லாமே அவை இல்லாதவை. மேலும், அழுகலை உண்டாக்கும் சாதாரணப் பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகக்கூடும் என்றால், இவை இரட்டிப்பாக அரை நாள் முதல் ஒரு நாள் வரை, சில சமயம் அதற்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் புதிய கடல்நீர்த் தொட்டி பக்குவமடையப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. உலர்ந்த பாறையை மட்டும் வைத்துத் தொடங்கினால் எட்டு வாரமும் ஆகலாம். அம்மோனியா இருந்தும் நைட்ரைட் தென்படவில்லை என்பதால், தங்கள் தொட்டியில் முதல் வகைப் பாக்டீரியாவே இன்னும் வேலையைத் தொடங்கவில்லை என்று கொள்ளலாம்.

நன்னீரில் இத்தகைய இழப்பு தங்களுக்கு ஏற்படாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் நீரும் ஸ்பாஞ்சும் புதுத் தொட்டிக்குப் போவது தங்களைப் போன்ற வளர்ப்பாளர்களின் வழக்கம். அவர்கள் அறியாமலே பாக்டீரியா விதைக்கப்பட்டுவிடுகிறது. மற்றது நீரின் கார அமிலநிலை, அதாவது பிஎச். நீரில் கரைந்த அம்மோனியாவின் ஒரு பகுதி மட்டுமே கொடிய நச்சு. மீதி அதிகத் தீங்கற்ற அம்மோனியமாக இருக்கும். பிஎச் 7 உள்ள நன்னீரில் 25 டிகிரி வெப்பத்தில் அந்த நச்சுப் பகுதி அரை சதவீத அளவுதான், பிஎச் 8.2 உள்ள கடல்நீரில் அதுவே ஆறு முதல் எட்டு சதவீதம் வரை போகும். ஆகவே தங்கள் கருவி காட்டும் அதே 1 பிபிஎம், நன்னீரில் இருப்பதைவிடக் கடல்நீரில் பத்து மடங்குக்கு மேல் கடுமையானது.

பழைய ஸ்பாஞ்சைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், பயனில்லை. நன்னீரில் வளர்ந்த பாக்டீரியாக்கள் திடீரென முழுக் கடல் உப்பில் இறங்கினால் பெரும்பாலும் செயலிழந்துவிடும். அந்த ஸ்பாஞ்சில் இருக்கும் அழுக்கு அழுகி அம்மோனியாவைக் கூட்டுவதுதான் மிச்சம். நோயின்றி ஓடும் ஒரு கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு சிறு பாறையோ ஒரு கைப்பிடி மணலோ கிடைத்தால் அதுவே சிறந்த விதை. குப்பியில் விற்கும் கடல்நீர்ப் பாக்டீரியாவும் உதவும். ஆனால் அது உயிருள்ள பொருள் என்பதால், காலாவதித் தேதியையும் வெயிலில் கிடந்ததா என்பதையும் கவனித்து வாங்குங்கள். அதை ஊற்றும் நாட்களில் புற ஊதா விளக்கையும் புரத நுரை பிரிப்பானையும் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) நிறுத்தி வைக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது இது. உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் உப்பளவு காட்டும் கருவியில் பார்த்து லிட்டருக்கு 35 கிராம் அளவில், அதாவது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை வைத்துக்கொள்ளுங்கள். கருவியைத் தூய நீரில் மட்டும் சரிபார்க்காமல் 35 கிராம் தரக் கரைசலிலும் சரிபார்ப்பது நல்லது. வெப்பம் 26 டிகிரி அளவில் நிலையாக இருக்கட்டும். இந்த வெப்பத்தில் கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனையே தாங்கும். இந்தப் பாக்டீரியாக்களுக்கோ ஆக்சிஜன் நிறைய வேண்டும். எனவே நீரின் மேற்பரப்பு எப்போதும் கலங்கும்படி பம்பை அமைத்து, பாறைகளை நீரோட்டம் ஊடுருவும்படி இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். விளக்கை அணைத்தே வையுங்கள். பாக்டீரியாவுக்கு ஒளி தேவையில்லை, பாசிக்குத்தான் தேவை.

இப்போதிருக்கும் 1 பிபிஎம் அம்மோனியா சுழியத்துக்கு இறங்கும் வரை வேறெதையும் சேர்க்காதீர்கள். இறங்கிய பிறகு தூய அம்மோனியம் குளோரைடு கொண்டு 2 பிபிஎம் அளவுக்கு ஏற்றுங்கள். பாறையும் மணலும் அடைத்துக்கொண்டது போகத் தங்கள் தொட்டியில் நீர் சுமார் 175 லிட்டர் இருக்கும், அதற்கு 1.1 கிராம் அம்மோனியம் குளோரைடு போதும். சிலர் ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிடுகிறார்கள். வேலை நடக்கும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வந்தது என்ற கணக்கு கையில் இருக்காது, பாஸ்பேட்டும் சேர்ந்து வந்து பின்னால் பாசிக்கு உரமாகும். விலை குறைந்த மீனை விட்டுத் தொட்டியைப் பழக்குவது என்னும் பழைய முறையை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. அந்த மீனும் துன்பப்படும், அதன் நோயும் தொட்டியில் தங்கிவிடும். அம்மோனியாவை 4 பிபிஎம்முக்கு மேல் ஏற்றினால் விரைவு கூடாது, பாக்டீரியாக்களே மந்தமாகிவிடும்.

சோதனையை இரண்டு நாட்களுக்கு ஒருமுறை செய்து நாட்குறிப்பில் எழுதி வாருங்கள். அம்மோனியா இறங்க இறங்க நைட்ரைட் ஏறும். 2 பிபிஎம் அம்மோனியா முழுவதும் மாறினால் ஏறத்தாழ 5.4 பிபிஎம் நைட்ரைட்டும், அது முழுவதும் மாறினால் 7.3 பிபிஎம் நைட்ரேட்டும் கிடைக்க வேண்டும் என்பது வேதியியல் கணக்கு. நைட்ரைட் நிறைந்திருக்கும் நாட்களில் நைட்ரேட் சோதனை பொய்யாகக் கூடுதல் அளவைக் காட்டும் என்பதால், நைட்ரைட் மறையும் வரை அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே புகுவதைத் தடுப்பதால், நன்னீரில் போல நைட்ரைட் இங்கே மீனை எளிதில் கொல்லாது. ஆயினும் இரண்டாம் வகைப் பாக்டீரியா இன்னும் நிலைபெறவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

இடையில் வேலை நின்றுபோனது போலத் தோன்றினால் முதலில் காரத்தன்மையை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறனைப் பாருங்கள்; அதை டிகேஎச் என்னும் அலகில் அளப்பார்கள். பலர் கவனிக்காமல் விடுவது இதுதான். ஒவ்வொரு 2 பிபிஎம் அம்மோனியாவும் நைட்ரேட்டாக மாறும்போது காரத்தன்மை 0.6 முதல் 0.7 டிகேஎச் வரை குறைகிறது. நான்கைந்து முறை அம்மோனியா சேர்த்தால் மொத்தத்தில் சுமார் 3 டிகேஎச் குறைந்துவிடும். அளவு 7-க்குக் கீழே போனால், தங்கள் தொட்டிக்கு 5 கிராம் சமையல் சோடாவைத் தூய நீரில் கரைத்து மெல்ல ஊற்றினால் 1 டிகேஎச் ஏறும். ஒரே நாளில் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

2 பிபிஎம் அம்மோனியா சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழியமாகி, அடுத்தடுத்து இரண்டு முறை அவ்வாறே நிகழ்ந்தால் தொட்டி பக்குவமடைந்துவிட்டது. எத்தனை வாரம் ஆயிற்று என்பது பொருட்டன்று. அப்போது சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதி நீரையாவது மாற்றுங்கள். பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் ஒட்டி வாழ்வதால் நீரோடு போய்விடா. விளக்கை ஏற்றத் தொடங்கியதும் மணலில் பழுப்பு நிறப் படலம் படியும். அது டயாட்டம் என்னும் நுண்பாசி. நீரிலுள்ள சிலிகேட் தீர்ந்தால் பெரும்பாலும் தானாகவே மறையும், மருந்து எதுவும் வேண்டாம்.

முதலில் ஒன்று அல்லது இரண்டு சிறு மீன்கள் மட்டுமே. கிடைக்கும் உணவுக்கு ஏற்பவே பாக்டீரியாக்களின் எண்ணிக்கை நிற்கும் என்பதால், அடுத்த மீனுக்கு இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். மீன் வரத் தாமதமானால் சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது அம்மோனியம் குளோரைடு இட்டுத் தொட்டியைப் பட்டினி போடாமல் வைத்திருங்கள். இறந்த கோமாளி மீன்களின் உடலில் வெண்மையான சளி உரிந்து தொங்கியிருந்தால், அம்மோனியாவோடு புரூக்ளினெல்லா என்னும் ஒட்டுண்ணியும் சேர்ந்திருக்கக்கூடும். கோமாளி மீன்களை அது விரைவாகத் தாக்கும். ஆகவே அடுத்து வாங்கும் மீனை நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே இதில் விடுங்கள். தாமிரம் கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புப் பாறை அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பின்னர் வளர்க்க விரும்பும் இறாலுக்கும் நத்தைக்கும் அது நஞ்சாகும்.

கல்லுப்பைப் பொறுத்தவரை, அது கடலிலிருந்து வந்தாலும் கடல்நீர் ஆகாது. கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடுகின்றன. சோடியம் குளோரைடு விளைந்த பிறகு மெக்னீசியமும் பொட்டாசியமும் எஞ்சிய கசப்பு நீரோடு வெளியேற்றப்படுகின்றன. எனவே உப்புக் கலவையையே தொடர்ந்து வாங்குங்கள். அதை நீரில் சிறிது சிறிதாக இட்டு, பம்பை ஓடவிட்டு ஒரு நாள் கலக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால் கால்சியம் வெண்படிவாக உறைந்து வீணாகும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக உப்புநீரைச் சேர்க்காதீர்கள். நீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்குகிறது. 200 லிட்டரில் 4 லிட்டர் குறைந்தாலே 35 கிராம் உப்பளவு 35.7 ஆகிவிடும். தொட்டியின் வெளிப்பக்கத்தில் நீர்மட்டக் கோடு ஒன்றை வரைந்துகொண்டு, தினமும் அந்தக் கோடு வரை ஆர்.ஓ. நீரை மட்டும் நிரப்பி வாருங்கள்.