மடியாத புரதத்தை பாக்டீரியா என்ன செய்யும்? – கேள்வி பதில்

நாகர்கோவிலில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அது சரியான வடிவில் மடங்கினால்தான் வேலை செய்யும். அதைத்தான் மடிவது என்கிறோம். பாக்டீரியா தன் புரதங்களைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்வது பற்றி வந்த கேள்விகளுக்கு, குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ.கோலையை வைத்தே பதில் சொல்கிறேன்.

புரதம் தானாவே மடிஞ்சுக்காதா சார்? – பிளஸ் டூ மாணவி, மார்த்தாண்டம்

சின்னப் புரதங்கள் பல மடிந்துவிடும் மக்ளே. பெரியவற்றுக்குத்தான் பாடு. தண்ணீரோடு சேராத பாகங்கள் உள்ளே ஒளிய வேண்டும். அதற்குமுன் பக்கத்துப் புரதத்தில் ஒட்டினால் கட்டியாகிவிடும். அதைத் தடுக்க, மற்ற புரதங்கள் மடிய உதவும் துணைப்புரதங்கள் உண்டு. அதில் ஒன்றான க்ரோஇஎல் என்பது ஏழேழு உறுப்பாக இரண்டு வளையம், மேலே ஒரு மூடி. புரதத்தை உள்ளே வைத்து மூடிச் சில விநாடி தனியே விடும். எப்படி மடிவது என்று அது சொல்லித்தராது. அது புரதத்தின் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது.

வெந்த முட்டை பச்சையாகாதே, கட்டிபிடித்த புரதம் மட்டும் மீளுமா? – இல்லத்தரசி, தக்கலை

மீளும் அக்கா. முட்டைக்கு வாய்க்காத கருவி ஒன்று பாக்டீரியாவிடம் உண்டு: கிளிப்-பி. ஆறு உறுப்பு வளையம், நடுவில் துளை. டிஎன்ஏகே என்ற துணைப்புரதம் அதைக் கட்டியிடம் கூட்டிவரும். கிளிப்-பி, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, புரதத்தை இழையிழையாகத் துளைவழியே இழுக்கும். தோவாளையில் பூக்கட்டுகிறவர்கள் சிக்கிய நாரை அறுக்காமல் உருவி எடுப்பார்களே, அப்படி. வெளியே வந்த இழை மறுபடி மடியலாம்.

சூடு ஏறினது அதுக்கு எப்படித் தெரியும்? – ரப்பர் பால்வெட்டுபவர், குலசேகரம்

எனக்கு மிகப் பிடித்த இடம் இது அண்ணாச்சி. வெப்பத்தைச் சமாளிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுவது சிக்மா-32 என்ற புரதம். 30 டிகிரியில் அதற்கு ஆயுள் ஒரு நிமிடம்தான். டிஎன்ஏகே அதைப் பிடித்துக்கொள்ள, செல்சவ்வில் இருக்கும் எஃப்டிஎஸ்ஹெச் என்ற நொதி வெட்டிப்போடும். சூடு 42 டிகிரிக்கு ஏறியதும் எங்கும் புரதங்கள் குலைகின்றன. டிஎன்ஏகே அவற்றைத் தாங்கவே ஓடுகிறது. கவனிக்க ஆளில்லாமல் சிக்மா-32 தப்பி, டிஎன்ஏகே உட்பட துணைப்புரதங்களை நிறையச் செய்யவைக்கிறது. வேலை தீர்ந்து டிஎன்ஏகே கை ஓய்ந்ததும் சிக்மா-32ஐ மறுபடி பிடிக்கும். இந்த வழிக்குத் தனியாக வெப்பமானி வேண்டாம். வேலை குவிவதே அதற்குத் தகவல். இதுபோக, சூட்டை நேராக உணரும் வழியும் உண்டு: சிக்மா-32 செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏவும் சூட்டில் சுருள் அவிழ்ந்து அதிகம் வாசிக்கப்படுகிறது.

பாதியில் நின்றுபோன புரதம்? – கல்லூரி மாணவர், குளச்சல்

ஆர்என்ஏ அறுந்து, அதை வாசித்துப் புரதம் செய்யும் ரைபோசோம் நின்றால், அதை மீட்கும் டிஎம்-ஆர்என்ஏ என்ற தனி ஆர்என்ஏ வந்து, அரைகுறைப் புரதத்தின் வாலில் 11 அமினோ அமிலங்கள் சேர்க்கும். அந்த வாலைக் கண்டதும் கிளிப்-எக்ஸ்பி என்ற புரதம் வெட்டும் கருவி பிடித்துத் துண்டாக்கும். துண்டுகள் பின்னர் அமினோ அமிலங்களாகி, அடுத்த புரதத்துக்குப் போய்ச்சேரும்.