சூடாக்கும் பட்டைக்கு மேல் கிரிப் பாதியில் நின்றால்

பைக் ஹேண்டில்பாரில் கையைச் சூடாக்கும் மின்பட்டையைச் சுற்றி, அதன் மேல் ரப்பர் கிரிப்பை (கைப்பிடி உறையை) ஏற்றும்போது வலது பக்கம் பாதியில் நின்றுவிட்டதா? அந்தக் கிரிப்பை இன்னும் பலமாகத் தள்ளாதீர்கள், கழற்றிவிடுங்கள். பாதியில் நின்று பட்டை சுருண்டதற்குக் காரணம் பெரும்பாலும் கிரிப் இல்லை, ஆக்சிலேட்டர் குழல்தான். அந்தப் பிளாஸ்டிக் குழலில் நீளவாக்கில் வரிமேடுகள் இருக்கும். பழைய கிரிப் நழுவாமலிருக்க வைத்தது அது. பட்டையின் தடிமனும் சேர்ந்தால் ரப்பர் ஏறவே ஏறாது. மேடுகளை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். கூடவே இடமும் வலமும் மாறவில்லையே என்று பாருங்கள். இடப்பக்கம் குழல் இல்லாமல் வெறும் 22 மி.மீ. ஹேண்டில்பார் என்பதால் அந்தக் கிரிப்பின் துளை சிறியது.

ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் வேண்டாம், உள்ளே ஈரம் தங்கிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கிரிப்பின் உள்ளே ஊற்றிச் சுழற்றி, முறுக்காமல் நேராக, ஒரே மூச்சில் தள்ளுங்கள். முறுக்கினால் பட்டை மடியும், மடிந்த இடத்தில் உள்ளிருக்கும் மின்கம்பி அறும்.

தள்ளுவதற்கு முன்னும் பின்னும் மல்டிமீட்டரில் பட்டையின் ஓம் அளவை (மின்தடையை) பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இணைப்புக் கம்பிக்கும் ஹேண்டில்பார் இரும்புக்கும் இடையே தொடர்பு காட்டினால் உறை கிழிந்திருக்கிறது, அந்தப் பட்டை வேண்டாம்.

ஆல்கஹால் தீப்பற்றும். ஒரு இரவு முழுக்கக் காயவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள்.

வண்டியை எடுக்கும் முன் ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பி, ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கி விடுங்கள். 'டக்'கென்று தானாகத் திரும்ப வேண்டும். பட்டையின் மின்கம்பி இழுத்தாலோ, கிரிப்பின் ஓரம் சுவிட்ச் பெட்டியில் உரசினாலோ ஓட்டவே கூடாது, இரண்டு மி.மீ. இடைவெளி விடுங்கள்.

இடது கை குறைவாகச் சூடானால் பயப்படாதீர்கள், இரும்பு வெப்பத்தை உறிஞ்சுகிறது. பட்டைக்கு அடியில் ஒரு சுற்று ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்) போட்டால் நன்றாகவே மாறும்.