உமிழ்நீர்ச் சுரப்பியின் இறுக்கத்தை அளந்தால் நோய் தெரிந்துவிடுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு வயது 54. ஒரு வருடத்துக்கு மேலாக வாய் வறண்டே கிடக்கிறது. ரொட்டியை ஒரு வாய் கடித்தாலும் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிவதில்லை. குழம்பின் காரம் நாக்கில் பட்டாலே எரிகிறது என்கிறார். கண்கள் உறுத்துகின்றன, இரு காதுகளின் முன்பக்கமும் வீங்கியிருக்கிறது. ஷோக்ரன் நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்படும் டாக்டர், அல்ட்ராசவுண்டோடு எலாஸ்டோகிராபியும் எடுக்கச் சொல்கிறார். உதட்டின் உட்புறத்திலிருந்து பயாப்சி எடுக்கவும் வேண்டிவரலாமாம். அம்மா அதற்குப் பயப்படுகிறார். ஸ்கேன் மட்டும் போதாதா?
— ஒரு மகள், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ஸ்கேன் மட்டும் போதாது, ஆனாலும் அதை அவசியம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் விரிவாக எழுதிய இந்த நோயில், நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள் கூட்டமாகப் புகுந்து அவற்றைச் சிதைக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களையே இது மிக அதிகமாகத் தாக்குகிறது. நாளடைவில் சுரப்பியில் நார்த்திசு படிந்து, மிருதுவாக இருந்த இடம் இறுகிவிடுகிறது. பழம் கனிந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பதைப் போல, அந்த இறுக்கத்தைத்தான் எலாஸ்டோகிராபி பார்க்கிறது. இன்று பரவலாக உள்ள முறையில், கருவி ஒலி அலையால் திசுவை மெல்லத் தள்ளி, அதனால் பக்கவாட்டில் பரவும் அதிர்வின் வேகத்தை அளக்கிறது; திசு இறுக இறுக வேகம் கூடும். கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, வலியும் கிடையாது.

ஆனால் இறுக்கம் எவ்வளவு என்று சொல்லும் அந்த எண், இறுக்கம் ஏன் வந்தது என்று சொல்லாது. நோயின் தொடக்கத்தில் அது இயல்பாகவே இருக்கலாம். பரிசோதிப்பவர் கருவியைச் சற்று அழுத்திப் பிடித்தாலே கூடிவிடும். ஓர் இயந்திரத்தின் அளவை இன்னோர் இயந்திரத்தின் அளவோடு ஒப்பிடுவதும் சரியாகாது. என் மதிப்பீட்டில், சாதாரண அல்ட்ராசவுண்ட் படத்தில் சுரப்பி முழுவதும் கருமையான திட்டுகளாகத் தெரிவதுதான் அந்த எண்ணைவிட வலுவான தடயம்.

2016இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர் அமைப்புகள் இணைந்து வகுத்த அளவுகோலில் அல்ட்ராசவுண்டுக்கோ எலாஸ்டோகிராபிக்கோ மதிப்பெண் இல்லை. உடலின் சொந்தப் புரதத்துக்கு எதிராகவே உருவாகும் ஆன்ட்டி-ரோ என்னும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால் 3, உதட்டு பயாப்சியில் வெள்ளணுக் கூட்டம் போதிய அளவில் தெரிந்தால் 3. கண்ணின் வறட்சியைக் காட்டும் இரண்டு சோதனைகளுக்கும், தூண்டாமல் ஊறும் உமிழ்நீர் நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டரோ அதற்குக் குறைவாகவோ இருப்பதற்கும் தலா 1. ஷோக்ரன் நோய் என்று கொள்ள மொத்தம் 4 வேண்டும். எனவே ஆன்ட்டி-ரோ இருந்து கண் சோதனையும் வறட்சியைக் காட்டினால், பெரும்பாலும் பயாப்சி தேவைப்படாது. இதை அம்மாவிடம் சொல்லுங்கள், பயம் பாதி குறையும். தேவைப்பட்டாலும், கீழுதட்டை மரத்துப்போகச் செய்து, சிறு கீறலில் அரிசியளவுச் சுரப்பிகள் சிலவற்றை எடுப்பதோடு அது முடிந்துவிடும். சிலருக்கு அந்த இடம் சில காலம் மரத்திருக்கும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். நம் தென்னாப்பிரிக்காவில் இரு கன்னமும் வலியின்றி வீங்கினால் எச்.ஐ.வி. சோதனையையும் டாக்டர் கேட்பார். அந்தத் தொற்றாலும் இதே சுரப்பிகள் வீங்கும் என்பதே காரணம். அம்மாவின் நடத்தையைப் பற்றிய ஐயம் அதில் எதுவும் இல்லை, வருந்த வேண்டாம். ஹெபடைட்டிஸ் சி சோதனையும் அவ்வாறே. சர்க்கரை நோயும், ஒவ்வாமை, மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் வாயை உலர்த்துவதால், அம்மா சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு பக்க வீக்கம் மட்டும் கெட்டியாகி வளர்ந்துகொண்டே போனால், அடுத்த சந்திப்புவரை காத்திராதீர்கள். ஷோக்ரன் நோயாளிகளில் சிலருக்கு அச்சுரப்பியில் லிம்போமா என்னும் புற்றுநோய் வருவதுண்டு.