கப்பலுக்கு எதற்கு மாலை?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் குண்டுவீச்சில் மூழ்கிய ‘ஜான் ஹார்வி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலால்தான் புற்றுநோய்க்குக் கீமோதெரபி கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். அழிவிலும் ஒரு நன்மை என்பது இதுதானே? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். இதில் பழம் விழுந்து பதினைந்து மாதம் கழித்துத்தான் காக்கையே வருகிறது! அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு புற்றுநோயாளிக்கு, மஸ்டர்ட் விஷவாயுவின் உறவுக்கார ரசாயனமான நைட்ரஜன் மஸ்டர்டை ஊசியில் ஏற்றிக் கீமோதெரபியைத் தொடங்கியது 1942 ஆகஸ்டில். போர்க்கால ரகசியம் என்பதால் 1946 வரை வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். ஜான் ஹார்வி இத்தாலியின் பாரி துறைமுகத்தில் வெடித்தது 1943 டிசம்பர் 2 அன்று. அது சுமந்ததும் வேறு சரக்கு, தோலைக் கொப்புளிக்க வைக்கும் போர் விஷமான சல்பர் மஸ்டர்ட்.

பாவம், அந்தக் கப்பலுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அந்த ஜனவரியில்தான் வட கரோலினாவில் அதைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஹிட்லர் விஷவாயுவை எடுத்தால் பதிலடிக்கு இருக்கட்டும் என்று 2,000 மஸ்டர்ட் குண்டுகளை ஏற்றி அனுப்பினார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று வாய் திறக்கக் கேப்டனுக்கு அனுமதி இல்லை. சொல்லாமல், ‘என் சரக்கை முதலில் இறக்குங்கள்’ என்று எப்படிக் கேட்பது? பாரியில் நாள்கணக்கில் வரிசையில் நின்றார். டிசம்பர் 2 மதியம் பிரிட்டிஷ் விமானப்படைத் தளபதி கானிங்ஹாம், ஜெர்மன் விமானங்கள் இந்தப் பக்கம் வந்தால் அதை எனக்கே நேர்ந்த அவமானமாக நினைப்பேன் என்று நிருபர்களிடம் சவடால் அடித்தார். இரவே நூறு விமானங்கள் வந்துவிட்டன. சரக்கு இறக்க வசதியாகத் துறைமுகத்தில் விளக்குகள் வேறு எரிந்துகொண்டிருந்தன.

கப்பலோடு, ரகசியம் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள். மஸ்டர்ட், கடலில் மிதந்த எண்ணெயில் கலந்து, நீந்தியவர்கள் உடம்பில் ஒட்டிக்கொண்டது. மஸ்டர்டின் அடையாளமான பூண்டு வாடை அடித்தது, யாருக்கும் உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அதே ஈரத் துணியோடு கம்பளி போர்த்தி, சூடாகத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். துணியை உருவிப் போட்டு நன்றாகக் குளிப்பாட்டியிருந்தாலே பலர் பிழைத்திருப்பார்கள். சொல்லியிருந்தால்தானே தெரியும்? விடிவதற்குள் கண் இமைகள் வீங்கி ஒட்டிக்கொள்ள, பார்வை போய்விட்டது என்று பதறினார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதில் அந்த மாதத்துக்குள் 83 பேர் செத்தார்கள். இது ஆஸ்பத்திரிக் கணக்கு மட்டும். பாரி ஊர்க்காரர்களை எண்ண ஆளில்லை.

அல்ஜியர்ஸிலிருந்து அனுப்பப்பட்ட அமெரிக்க ராணுவ டாக்டர் ஸ்டூவர்ட் அலெக்ஸாண்டர்தான் இது மஸ்டர்ட் என்று கண்டுபிடித்தார். யார் எந்தக் கப்பலில் இருந்தார்கள் என்று படம் வரைந்து பார்த்தார்; சாவுகள் ஜான் ஹார்வியைச் சுற்றியே குவிந்திருந்தன. நோயாளிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிவதையும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு பின்னால் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் தெம்பு கொடுத்தது உண்மை. மாலை போடுவதானால் அவருக்குப் போடுங்கள். சர்ச்சில் போடவில்லை. மஸ்டர்ட் என்ற பேச்சையே அவர் ஏற்கவில்லை. பிரிட்டிஷ் ஆவணங்களில் இறந்தவர்களுக்கு எதிரே எழுதப்பட்ட காரணம்: ‘எதிரித் தாக்குதலால் தீக்காயம்’.