மெனோபாஸ் சந்தேகத்துக்கு டாக்டரைப் பார்க்கும் முன்

வயது 47, ஆறு மாதமாக மாதவிடாய் தாறுமாறு, ராத்திரி வியர்த்து முழிப்பு, டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதே காலண்டரில் குறிக்க ஆரம்பியுங்கள் சகோதரி: விலக்கான தேதி, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி விழுந்ததா. "நிறையப் போகுது" என்பதைவிட "மணிக்கு ஒரு நாப்கின் நனையுது" என்றால் டாக்டருக்கு உடனே புரியும். உடம்பு குப்பென்று சூடாவது ராத்திரி எத்தனை தடவை என்பதையும் எழுதுங்கள்.

எஃப்எஸ்ஹெச் டெஸ்டை (கருமுட்டை வளரத் தூண்டும் ஹார்மோனின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) நீங்களாகவே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மாதவிடாய் நிற்கப்போகும் இந்தக் கட்டத்தில் அந்த அளவு ஏறி இறங்கும். 45 தாண்டியவர்களுக்கு அறிகுறிகளே பெரும்பாலும் போதும். தைராய்டு, ஹீமோகுளோபின் பழைய ரிப்போர்ட் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். தைராய்டு கோளாறிலும் இதே வியர்வை, படபடப்பு வரும்.

மார்பகப் புற்றுநோய் (குடும்பத்தில் இருந்தாலும்), காலில் ரத்தக்கட்டு, ஒற்றைத் தலைவலி, பிரஷர் பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரை தரலாமா என்பது இதை வைத்துத்தான். சாப்பிடும் மாத்திரை அட்டைகளோடு நாட்டு மருந்தையும் பையில் போடுங்கள். அதைத்தான் பலர் மறைப்பார்கள்.

பிறப்புறுப்பு வறட்சி, உறவில் வலியைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதி நீட்டுங்கள்.