ஓவியம் வரையக் கொடுக்க நாயை எப்படிப் படம் எடுப்பது?

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கிறோம், கறுப்பு நாய், போனில் எடுத்தால் வெறும் நிழலாக விழுகிறது, ஓவியருக்கு எப்படி எடுத்து அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வெளிச்சம். நம் கடற்கரையில் 9 மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும், நாயும் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். திண்ணை நிழலில், முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி உட்கார வையுங்கள். வாசல் மணலே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, தாடைக்கு அடியில் உள்ள முடியையும் காட்டிவிடும். அப்புறம் திரையில் நாயின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். பிளாஷ் வேண்டாம். கண் பச்சையாக மின்னும், அதன் உண்மையான நிறம் ஓவியருக்குக் கிடைக்காது. கண்தான் உயிர், அதில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

நின்றுகொண்டு எடுக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து, அதன் கண் மட்டத்தில், ஆறேழு அடி தள்ளி, 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கிட்டே போனால் மூக்கு பெருத்துவிடும். உப்புக்காற்றில் லென்ஸ் மங்கியிருக்கும், துடைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாது. தழும்பு, மச்சம் இருந்தால் தனியாக எடுத்து அனுப்புங்கள். எங்கள் செவலையின் கிழிந்த காதை நான் தனியே எடுத்து அனுப்பவில்லை. ஓவியத்தில் காது முழுசாக வந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "இது நம்ம செவலை இல்லையே" என்றார்.