வாசகர் கேள்வி: அப்பாவை மறுபடி கல்லாவுல உட்கார வைக்கலாமா?

கேள்வி: அக்கா, எங்க அப்பா விருத்தாசலம் பக்கத்துல மளிகைக் கடை வச்சிருக்காரு. 61 வயசு. கிளாக்கோமான்னு கண் நரம்பைக் கெடுக்கிற நோயால ரெண்டு கண்ணும் போயி 8 மாசமாச்சு, போன பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்கயாவது விழுந்திடுவாரோன்னு பயந்து எல்லாத்தையும் நாங்களே செஞ்சிடுறோம், சாப்பாடு கூட அம்மா ஊட்டி விடுறாங்க. மனுஷன் பேச்சையே குறைச்சிட்டாரு. "என்னைய இருட்டுல உட்கார வச்சிட்டீங்களே"ன்னு அழறாரு. என்ன பண்றதுன்னே தெரியல.

பதில்: படிச்சதும் என் 27 வயசு ஞாபகம் வந்திடுச்சும்மா. எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசான்னு ஒரு விழித்திரை நோய், முதல்ல ராத்திரியில மட்டும் தெரியாம இருந்து அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பகலும் போயிடுச்சு. எங்கம்மாவும் இப்படித்தான், டீ டம்ளர என் கையிலயே கொடுக்க மாட்டாங்க, ஊதி ஆத்தி வாய்கிட்ட கொண்டு வருவாங்க, பாசம்தான், ஆனா பார்வை போனப்போ அழாத நான் அந்த டம்ளருக்காக அழுதிருக்கேன். வெளிச்சம் இல்லாதது பழகிடும்மா, வேலை இல்லாம உட்கார்ந்திருக்கிறது பழகவே பழகாது.

அதனால முதல்ல ஊட்டுறத நிறுத்துங்க. தட்டுல சாதம் இங்க, பொரியல் வலது பக்கம், கிண்ணத்துல ரசம் இருக்கு சூடா இருக்குன்னு ஒரு தடவை சொன்னா போதும். டீயும் அவரே ஊத்தட்டும். டம்ளர் நிறைய நிறைய அந்த சத்தம் மாறும், விளிம்புக்கு வரும்போது பிடிச்சிருக்கிற விரலுக்கு சூடு ஏறும், நான் 19 வருஷமா அப்படித்தான் ஊத்துறேன். முதல் வாரம் சிந்தும், சிந்தட்டும், யாரும் ஓடி வராதீங்க.

வீட்ல ரெண்டே ரெண்டு விஷயம் எல்லாரும் பழகணும். கதவை முழுசா திறங்க இல்ல முழுசா சாத்துங்க, பாதி திறந்த கதவோட விளிம்பு நேரா நெத்தியில வந்து இடிக்கும். இன்னொன்னு, ரூம விட்டு எழுந்து போறப்ப "நான் போறேன்ப்பா"ன்னு சொல்லிட்டுப் போங்க. ஆள் இருக்காங்கன்னு நெனச்சு பேசிட்டே இருப்போம், பதிலே வராது, அது எவ்ளோ அவமானமா இருக்கும்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும். வெளிய போறப்ப அவரைப் பிடிச்சு இழுக்காதீங்க, உங்க முழங்கைய அவர் பிடிச்சுக்கட்டும், நீங்க அரை அடி முன்னாடி நடங்க, படி இறங்குறது உங்க கை அசைவுலயே அவருக்குத் தெரிஞ்சிடும்.

கல்லாவுக்கு வரேன். தாராளமா உட்கார வைங்க. இப்ப இருக்கிற 100, 200, 500 நோட்டெல்லாம் ஒரே அகலம்தான், 66 மில்லிமீட்டர், நீளம் மட்டும் 142, 146, 150ன்னு 4 மில்லிமீட்டர் 4 மில்லிமீட்டரா கூடுது, இத அவசரத்துல விரல் எப்படி கண்டுபிடிக்கும் சொல்லுங்க, எனக்கு இதுல ரொம்ப வருத்தம். ஓரத்துல மேடா கோடு இருக்கு, 100க்கு 4, 500க்கு 5, 200க்கு 4 கோட்டுக்கு நடுவுல ரெண்டு வட்டம். புது நோட்டுல தெரியும், கசங்கின நோட்டுல தேஞ்சி போயிருக்கும். அதுக்கு ரிசர்வ் வங்கி 2020ல விட்ட மணின்னு ஒரு ஆப் இருக்கு, போன் கேமராவுக்கு முன்னாடி நோட்ட காட்டினா எவ்ளோன்னு சொல்லும். பார்த்ததும் ஒவ்வொன்னையும் வேற வேற மாதிரி மடிச்சு தனித்தனி அறையில போட்டுட்டா அப்புறம் குழப்பமே வராது.

இன்னொன்னும் கேட்டுக்கோங்க, கிளாக்கோமா குடும்பத்துல வர வாய்ப்பு அதிகம், வலி இல்லாம ஓரத்துப் பார்வையதான் பெரும்பாலும் முதல்ல தின்னும். நீங்களும் கூடப் பொறந்தவங்களும் இந்த மாசமே கண் பிரஷரும் நரம்பும் செக் பண்ணிடுங்க.

நாளைக்குக் காலையில நோட்டு வேணாம், சில்லறை டப்பாவ மட்டும் அவர் மடியில வைங்க. 20 ரூபா காசு வட்டமா இருக்காது, 12 பக்கம், உருட்டினாலே தெரியும், அதுல இருந்து ஆரம்பிக்கட்டும்.